கிரீஸ் பூசாத வரிசை

கீபோர்டில் எண் ஏழை அழுத்தியபோது சத்தம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். மதியம் முழுக்க அவள் கிரீஸ் பூசியது எழுத்து விசைகளுக்கு மட்டும்தான். மேல் வரிசையில் இருக்கும் எண்களைத் தொடவே இல்லை. பூசியதற்கும் பூசாததற்கும் என்ன வித்தியாசம் என்று காதால் பார்ப்பதற்காக, அவற்றைப் பெட்டியில் வந்தபடியே சொருகி வைத்திருந்தாள். காலையில் இதே ஏழு, காய்ந்த சுள்ளி ஒடிவதுபோலச் 'சடக்' என்றது. இப்போது விரல் கீழே போகிறது, மேலே வருகிறது, அவ்வளவுதான்.

அடியில் ஃபோம் வைத்திருக்கிறோம், சர்க்யூட் போர்டின் முதுகில் டேப் ஒட்டியிருக்கிறோம், அதனால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வேண்டியது கிடைத்துவிட்டால் காரணத்தை யார் துருவிக் கேட்கப்போகிறார்கள்.

அவளுக்கு வேண்டியது அமைதி. ஆசைக்கு இல்லை, பாப்பாவுக்காக. பத்து மாதப் பிள்ளைக்குப் போன மாதம் இரண்டு முறை மூச்சு இழுத்துக்கொண்டது. "தூங்கறப்ப விசில் மாதிரி சத்தம் கேட்டா உடனே தூக்கிட்டு வாங்க. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவள் காது அவளுடையதாக இல்லை. பக்கத்து அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அந்த ஒரு சாணிலிருந்து வரும் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய வேலையோ தட்டுகிற வேலை. வாங்கிய பொருள் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் தட்ட வேண்டும். பழைய கீபோர்டு தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி கத்தியது. நாலு வார்த்தை தட்டுவாள், கையை நிறுத்தி மூச்சைக் கேட்பாள், மறுபடி தட்டுவாள்.

யோசனை சொன்னது கொழுந்தன். வீட்டில் அவனுக்குப் பெயரே கீபோர்டுப் பைத்தியம். "சத்தமே வராத மாதிரி நாமளே ஒண்ணு கட்டிரலாம் அண்ணி. ரொம்ப ஒசத்தியும் வேணாம், மட்டமும் வேணாம், நடுத்தரமா ஒரு செட்டு சொல்றேன்" என்றான். லாரியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த கணவன் ஃபோனில் சிரித்தான். "அவன் பேச்சைக் கேட்டியா? இனிமே சோத்துக்கும் கிரீஸ்தான்."

இன்று காலையில்கூட கொழுந்தன் கூப்பிட்டு எச்சரித்தான்.

"கண்ணுக்கே தெரியக் கூடாது அண்ணி, அவ்வளவு மெல்லிசாப் பூசணும். ஜாஸ்தியாப் போச்சுன்னா கீ செத்துரும்."

"செத்தா என்ன, வாயை மூடிக்கிட்டு இருந்தாச் சரி."

"முடிச்சதும் தட்டி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவள் தாராளமாகவே பூசினாள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் சுவிட்சைப் பிரித்து, பிரஷ் நுனியில் வழிய வழிய எடுத்து, ஸ்பிரிங்கை முக்கி, தண்டின் இரு பக்கமும் தடவி மூடினாள். பிள்ளைக்குச் செய்வதில் கஞ்சத்தனம் எதற்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் நாலாவது சுவிட்சைப் பூசி முடித்தபோதே பாப்பாவின் மூச்சு துல்லியமாகக் கேட்க ஆரம்பித்ததும் அந்த ஞாபகம் போய்விட்டது. உஸ், உஸ் என்று சீராக, விசில் இல்லாமல். அவளுக்கு அழுகையே வந்தது, அவ்வளவு நிம்மதி.

இப்போது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மெழுகும் மருந்தும் கலந்ததுபோன்ற கிரீஸ் வாடை அறையில் கனத்து நின்றது. அவள் ஆறை அழுத்தினாள், ஒன்பதை அழுத்தினாள், நீளமான ஸ்பேஸ் பாரின் ஓரத்தை நகத்தால் சுண்டினாள், எதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் ஃபிரிட்ஜ் உறுமவில்லை என்பதைக் கவனித்தாள். கரண்ட் போயிருக்கும் என்று எழுந்து போய்த் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜின் உடம்பில் கை வைத்தால் அதிர்வு இருந்தது. ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடியில் மழைத் தண்ணீர் பட்டை பட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது, கீழே தெருவில் ஒரு வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது, எல்லாம் சத்தத்தைக் குறைத்து வைத்த டிவிபோல நடந்தது.

காது அடைத்திருக்கிறது. மழை நாளில் அடைப்பதுதானே. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தாள், கொட்டாவி விட்டுப் பார்த்தாள். காதோரம் விரலைச் சொடுக்கினாள். தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல ஏதோ ஒன்று கேட்டது. இரண்டாவது சொடுக்குக்கு அதுவும் இல்லை.

பயம் அப்போதுதான் வந்தது. காதுக்காக இல்லை. இந்தக் காதை நம்பித்தானே பிள்ளை தூங்குகிறாள்.

பக்கத்து அறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தொட்டில் கட்டிலில் பாப்பா ஒருக்களித்துக் கிடந்தாள். போர்வை ஏறி இறங்கியது. முகத்தில் கலக்கம் இல்லை. தூங்குகிற பிள்ளையைத் தூக்கி எழுப்பி, அழவிட்டு, இழுப்பை வரவழைக்கவா? வேண்டாம். கதவை அதே ஒரு சாணுக்கு வைத்துவிட்டு மேஜைக்குத் திரும்பினாள்.

அடைத்திருப்பது தன் காதா என்று ஃபோனை வைத்துப் பார்த்துவிடலாம். ஃபோனுக்குக் காது அடைக்காது. கொழுந்தன் கேட்ட பதிவும் ஆயிற்று. ஃபோனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, பதிவை ஓடவிட்டு, எல்லா வரிசையையும் மேலிருந்து கீழ்வரை நிதானமாகத் தட்டினாள். கிரீஸ் கசிந்து விரல் நுனியெல்லாம் வழுவழுத்தது. நிறுத்தினாள். அனுப்பினாள். 'காது அடைச்சிருக்கு, ஒண்ணும் கேக்கல. சத்தம் வருதான்னு சொல்லு' என்று கீழே எழுதினாள்.

அவன் காத்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். பதில் உடனே வந்தது.

'சூப்பர் அண்ணி. கீபோர்டு இருக்கறதே தெரியல.'

மூச்சை விட்டாள். கீபோர்டு நிஜமாகவே சத்தம் போடவில்லை, மற்றதெல்லாம் காது அடைப்புதான். நாளைக்கு டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம். இன்று ராத்திரி பாப்பாவை நெஞ்சிலேயே போட்டுக்கொண்டு படுத்துவிட வேண்டியதுதான்.

திரையில் இன்னொன்று வந்தது.

'பாப்பா ஏன் இப்படி வீறிடுறா? முதல்ல போய்ப் பாருங்க.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். தட்டிக்கொண்டிருந்தபோதா? பத்தடி தூரத்தில், அவள் இங்கே உட்கார்ந்திருக்க?

எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சத்தம் இல்லை. பூசியது போக மிஞ்சியிருந்த சுவிட்சுகளின் தட்டு முழங்கை பட்டுக் கவிழ்ந்து, அத்தனையும் தரையெங்கும் துள்ளி ஓடின. சத்தம் இல்லை.

கையில் ஃபோன் மறுபடி அதிர்ந்தது.

'சரி சரி, ரெக்கார்டிங் கடைசில அழுகை நின்னுருச்சு. யாரு வந்திருக்கா? தட்டித் தட்டித் தூங்க வைக்கிறது நல்லாக் கேக்குது.'

யாரும் வரவில்லை. வீட்டில் யாரும் இல்லை.

கதவு ஒரு சாண் திறந்திருக்கவில்லை. மூடியிருந்தது.

"பாப்பா" என்று கத்தினாள். தொண்டை வலித்தது. வாய் திறந்திருந்தது. ஒன்றும் வரவில்லை. கைப்பிடியில் கிரீஸ் கை வழுக்கியது. திரும்பவும் வழுக்கியது. சேலை முந்தானையைச் சுற்றித் திருகினாள்.

இருட்டு. ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம். கட்டில்.

பாப்பா விழித்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். உதடு லேசாக நீலம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குள் குழி விழுந்தது. விசில் அடித்துக்கொண்டிருக்கும், நிச்சயம் அடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரமாகவோ.

வாரி எடுத்தாள். நெஞ்சோடு அணைத்தாள். ஆஸ்பத்திரி. செருப்பு வேண்டாம். மழையானால் என்ன. வாசலுக்குத் திரும்பினாள்.

அப்போது உணர்ந்தாள்.

தட்டல். மெல்ல. பிள்ளையின் முதுகில்.

அவளுடைய வலது கை பாப்பாவின் தலைக்குப் பின்னால் இருந்தது. இடது கை தொடைக்கு அடியில். இரண்டும் அசையவில்லை. அந்தச் சின்ன உடம்பைத் தாண்டி அவள் நெஞ்சுக்கு அது வந்தது. அகலமான உள்ளங்கை. அவசரம் இல்லாத கை.

தட்டு. பிள்ளை மூச்சை இழுத்தாள். தட்டு. விட்டாள்.

அவள் பின்னால் நகர்ந்தாள். தட்டலும் கூடவே வந்தது. பிள்ளையை இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். பாப்பாவின் கண்கள் அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன, பழகிய முகத்தைப் பார்ப்பதுபோல. இமைகள் தாழ்ந்தன.

தட்டு. இழுத்தாள்.

நீண்ட இடைவெளி.

தட்டு. விட்டாள்.

அதைவிட நீண்ட இடைவெளி. பிள்ளையின் நெஞ்சு அசையாமல், அடுத்த தட்டலுக்காகக் காத்திருந்தது.