வெறும் குழாய்

வெறும் அமிலம் மட்டும் ஊற்றிய குழாயில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தது. மெஷினின் திரையில் மூன்றாவது முறையாகச் செரினும் கிளைசினும் தலைதூக்கி நின்றதைப் பார்த்துச் சோபனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோழித் தீவனத்தில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறதென்று அளந்து சொல்வதுதான் மொரப்பூர் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன லேபின் வேலை. தீவனம் போட்ட குழாய்களோடு எதுவும் போடாத ஒன்றையும் ஓவனில் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சுவார்கள். அது சுத்தமாக வந்தால்தான் மற்றதை நம்பலாம். அதில் விரல் வியர்வையில் இருக்கும் செரின், கிளைசின் என்ற இந்த இரண்டு அமினோ அமிலமும் தெரிந்தால், யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மேனேஜர் மதியழகன் அதைத்தான் சொன்னார். கையுறை மாட்டக்கூட உடம்பு வணங்காதவள், படித்த படிப்பே தண்டம் என்று எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாலாவதும் கெட்டுச்சுன்னா அதோட வேலைக்கு வராதம்மா.”

“என் கை படவே இல்லைங்க சார்.”

“அப்ப யாரு கை?”

எட்டு மாதம் நாயாய் அலைந்து கிடைத்த வேலை. நேற்று நாலு மணிக்கு, நாலாவது தடவையாக, இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி, அமிலத்தை ஊற்றி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, கண்ணாடிக் குழாயின் வாயை நெருப்பில் உருக்கி மூடினாள். இன்று அதே நாலு மணிக்கு, பக்கத்து அறையில் அரைத்த சோயாவும் கருவாட்டுத் தூளும் கலந்த நாற்றம் தொண்டையில் உட்கார்ந்திருக்க, ஓவனின் விசிறி இரைய, பம்ப் விடாமல் டிக் டிக்கென்று அடிக்க, எங்கோ சேலம் வண்டி தடதடத்துப் போக, இடுக்கியால் குழாயை எடுத்து ஆறவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு மங்கல்.

விரல் ரேகை. சே என்று துடைத்தாள். போகவில்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

குழாயைச் சாய்த்தாள். அமிலம் ரேகையின் மேல் ஏறி இறங்கியது.

உள்ளே இருந்தது.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மூடிய குழாய்க்குள் என் கை எப்படிப் போகும்? கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்து, ரேகை வேறென்று காட்டினால் அந்த மனுஷன் வாயை மூடுவார்.

“சார், இங்க வந்து பாருங்க.”

கூப்பிட்டபடியே கையுறைகளை உருவினாள்.

கட்டைவிரல் வழவழவென்று இருந்தது. ஒரு ரேகைகூட இல்லை.

மேனேஜரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. கண்ணாடியின் உள்பக்கம் இன்னொரு தடம் பதியத் தொடங்கியது. மெதுவாக. வளையம் வளையமாக.

ஆள்காட்டி விரலைப் பார்த்தாள்.

கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.