துருவைத் தேய்த்த கை

"யாரு இதைத் தொட்டது?"

பட்டறையிலிருந்து வந்த சத்தத்தில், அடுப்படியில் நின்றவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கண்காட்சிக்குப் போகவேண்டிய இரும்புச் சிற்பம் நடுவில் நின்றது. கண், மூக்கு, கை, கால் எதுவும் கிடையாது. வளைந்த மூன்று தகடுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும், அவ்வளவுதான். உப்புத்தண்ணீர் தெளித்தும் மழையில் நனையவிட்டும், அதன்மேல் துருவைப் பிள்ளைபோல வளர்த்திருந்தான் அவள் கணவன். இப்போது அதன் கீழ்ப்பாதி, விளக்கிவைத்த பாத்திரமாய்ப் பளபளத்தது!

பட்டறை வாசற்படியில் மாமியார் நின்றாள். கைகள் முந்தானைக்குள். மருமகளுக்குப் புரிந்துவிட்டது. 'கண்காட்சியில ஆளுங்க பாக்குறப்போ இப்படியா அழுக்கா இருக்கணும்' என்று நேற்றெல்லாம் புலம்பியவள் ஆயிற்றே!

முதல் சிற்பத்தைப் பார்த்து "பழைய இரும்புக்கடைக்குப் போடுடா" என்று அம்மா சொன்னதற்கே ஒரு வருஷம் முகம்கொடுத்துப் பேசாதவன். போன மாதம்தான் மறுபடி "அம்மா" என்றிருக்கிறான். இது தெரிந்தால்...

"நான்தாங்க... அழுக்குன்னு நெனச்சு..."

"நீயா? இத்தனை வருஷம் என்கூட இருந்தும் துரு எது, அழுக்கு எதுன்னு தெரியாதா? இனிமே பட்டறைப் பக்கம் காலெடுத்து வைக்காதே!"

அந்தத் தகடுகளை அவன் பற்றவைத்தபோதெல்லாம் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். நெஞ்சு எரிந்தது. வாசலை நோக்கித் திரும்பினாள்.

"நில்லும்மா!"

மாமியார் விடுவிடுவென்று உள்ளே வந்து, நுனிக்காலில் எம்பி, சிற்பத்தின்மேல் கையை நீட்டினாள். பளபளப்பு முடிந்த இடத்தில்தான் அவள் விரலும் நின்றது. விரலெல்லாம் துருக்கறை, நகக்கண்ணில் ரத்தம்.

"இதுக்கு மேல எனக்கு எட்டலடா... அவ என்னைவிட ஒரு முழம் உசரம். அவ தேய்ச்சிருந்தா இன்னும் மேலவரைக்கும் தேய்ச்சிருக்க மாட்டாளா? நாலு பேர் பாக்குறப்போ என் புள்ள வேலை பளிச்சுன்னு இருக்கட்டும்னு உப்புத்தாளை வெச்சு... பாவி நான்!"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் அத்தைகூடப் பேசமாட்டீங்க. என்கூட எத்தனை நேரம் பேசாம இருப்பீங்க... சாயங்காலம் வரைக்கும்தானே?"

மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அவளுக்கும் கண்ணீர் முட்டியது.

வாசலில் கண்காட்சிக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்து நின்றது. "இது இப்படியே போகட்டும்," என்றான் அவன், சிற்பத்தின் ஒரு முனையைப் பிடித்தபடி. "வந்து அந்தப் பக்கம் பிடி. நீ பிடிக்காம நான் எதையும் தூக்கினதில்ல..."

அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீங்களே தூக்குங்க. நான் அத்தை கைக்கு மருந்து போடணும்."