மூன்றாம் குழியின் அடி

மூன்றாம் நாளும் அதே எண்தான் வந்தது.

ஈரம் இருபத்தொன்று புள்ளி நான்கு. சாம்பல் பதின்மூன்று புள்ளி இரண்டு. அவள் கண்ணாடியைக் கழற்றி, கோட்டின் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பதிவேட்டில் முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். நேற்றும் அதே. முந்தாநாளும் அதே. பேனாவை மேசையில் வைத்த சத்தம் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

அந்தக் கொட்டகைக்கு வருவதெல்லாம் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் கழித்துத் தள்ளியவை. பெயின்ட் தொட்டியின் அடியில் தங்கிய சேறு, மருந்துக் கம்பெனி ஒதுக்கிய மாத்திரை அட்டைகள், எண்ணெய் துடைத்த துணிகள், தோல் வெட்டுகள், கிழிந்த கையுறைகள். எல்லாவற்றையும் இயந்திரத்தில் அரைத்து, குழியில் மரத்தூளோடு கலந்து, லாரியில் ஏற்றி சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக அது எரியும். அனுப்புவதற்கு முன் கலவையைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது. பதினொரு வருடமாக இதையே செய்கிறாள். குப்பை ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருந்ததே இல்லை.

சாக்கு கொண்டுவந்தவன் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தான். சாம்பிள் சாக்கை ஒருநாளும் முழுசாக நிரப்பாததால் அவனுக்கு முக்கால் என்று பெயர்.

"முக்கால், உண்மையைச் சொல்லு. மூணு நாளா ஒரே சாக்கைத்தானே கொண்டு வர?"

"சத்தியமா இல்லக்கா. ஒன்பது இடத்துல குத்தி எடுத்தேன்."

"ஒன்பது இடத்துலயா, ஒரே இடத்துல ஒன்பது தடவையா?"

"அது எப்பவாவது செய்யறதுதான். இந்த வாரம் செய்யல." அவன் உள்ளங்கைகளைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டான். "நீங்களே கை வச்சுப் பாருங்கக்கா. எனக்கு அது பிடிக்கல."

சாக்கில் மீதி இருந்ததைத் தட்டில் கொட்டி அவள் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த சூடு இல்லை. யாரோ இப்போதுதான் கழற்றிப்போட்ட செருப்பின் உட்புறம் போல. தின்னரும் பெயின்டும் கலந்த நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை. அவளுக்குத் தெரிந்த வாசனை, தினமும் முகர்கிற ஏதோ ஒன்று. என்னவென்றுதான் பிடிபடவில்லை. வழக்கப்படி கலவையைக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிராக இரண்டு பங்கை வாளியில் தள்ளினாள். எழுதிவிட்டுத் திரும்பியபோது தட்டின் நடுவே மிச்சப் பங்குகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மேசை ஆடியிருக்கும். இந்த மேசைக்குக் கால் சரியில்லை என்று எட்டு மாதமாக எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "ஏங்க. இறங்கி வாங்க, பேசணும்."

தொண்டையைச் செருமும் சத்தம். "இதோ வந்துட்டேன்ம்மா."

அவள் கணவர்தான் அங்கே கிரேன் ஓட்டுகிறவர். குழிகளுக்கு மேலே கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, விரல் விரலாகப் பிரியும் இரும்புக் கையால் கலவையை அள்ளிப் புரட்டிப்போடுவது அவர் வேலை. அவருடைய 'இதோ'வுக்கு அவள் கணக்கில் ஒரு மணி நேரம். கல்யாணத்தன்றும் அப்படித்தான், இருபத்தெட்டு வருடத்துக்கு அப்புறமும் அப்படித்தான்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து இரும்புப் படியில் அவர் இறங்குவது கேட்டது. டங், சர்ரக். டங், சர்ரக். இடது முட்டி மடங்காது. அந்தக் காலை இழுத்துத்தான் வைப்பார்.

"எண் ஒரே மாதிரி வருதாம். அதுக்காகவா என்னை இறக்குன?" என்றார் தேநீரை ஊதிக்கொண்டே. "ஒரே மாதிரி வரணும்னுதானேம்மா நாங்க கலக்கறோம். கெட்டு வந்தாலும் சண்டை, நல்லா வந்தாலும் சண்டை."

"பக்கத்துல பக்கத்துல வரலாம். அச்சடிச்ச மாதிரி வரக்கூடாது. அதுவும் சூடா இருக்குங்க. மூணாம் குழியைக் காலி பண்ணிக் கழுவி எத்தனை நாளாச்சு?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "வாராவாரம் காலி பண்ணியாச்சுன்னு கையெழுத்து போடறது நீதானே."

அது உண்மைதான். சனிக்கிழமைதோறும் குழியைச் சுத்தமாக வழித்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, அடித் தளம் தெரிந்த பிறகுதான் புதுச் சரக்கு கொட்ட வேண்டும். விதி அதுதான். நாலு வருடத்துக்கு முன் அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, பழைய கலவையில் கொஞ்சம் அடியில் விட்டுவைத்தால் புதுசு சீக்கிரம் சேர்ந்துகொள்கிறது, அரை நாள் வேலை மிச்சம். கொட்டகையில் எல்லோரும் அதை உறை என்றுதான் சொன்னார்கள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். நாலு வருடமாக அந்தக் குழியின் அடியை யாரும் பார்க்கவில்லை.

"உள்ள எங்கயோ தீ கனியுது," என்றாள். "தின்னர் ஊறின மரத்தூள். குப்னு பிடிச்சா உங்க கேபினுக்கு இருக்கறது ஒரே ஒரு படிக்கட்டு. இந்தக் காலை வச்சுக்கிட்டு எத்தனை நிமிஷத்துல இறங்குவீங்க?"

"ஓடியே வந்துடுவேன்."

"கோவில் வரிசையில நின்னாலே உங்களுக்கு நாற்காலி வேணும்."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, கிழிந்த கையுறையைக் கழற்றினார். ஆரஞ்சு நிறம். போன மாதம் கட்டைவிரலில் பிய்ந்ததை அவள்தான் பச்சை நூலால் தைத்துக்கொடுத்திருந்தாள். இப்போது உள்ளங்கையே போய்விட்டது. போகிற போக்கில் அதை மூன்றாம் குழிக்குள் எறிந்தார்.

"அதை ஏன் உள்ள போடறீங்க?"

"எரியறதுக்குத்தானே போகுது. நாலு வருஷமா என் கையுறை, கைக்குட்டை, பழைய சட்டை எல்லாம் அதுக்குத்தான். நல்லாத் தின்னும்."

மேனேஜரிடம் போனாள். அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'நாளைக்கு' என்று பெயர்.

"நாளைக்குப் பாக்கலாம் மேடம்."

"போன வாரம் மேசைக் காலுக்கும் இதையே சொன்னீங்க சார்."

"சூளைக்காரங்க இப்பதான் போன் பண்ணாங்க. இந்த மாதிரி ஒரே சீரா எரியற சரக்கு இதுவரைக்கும் வந்ததில்லையாம். பாராட்டறாங்க. நீங்க என்னடான்னா நல்லா இருக்கறதுதான் கோளாறுங்கறீங்க. இதை நான் மேலிடத்துக்கு எப்படி எழுதறது?"

"சூடா இருக்குன்னு எழுதுங்க."

"எத்தனை டிகிரி?"

சொன்னாள். அவர் சிரித்தார். "அதெல்லாம் ஒரு சூடா? நாளைக்கு."

அவள் காதெல்லாம் கொதித்தது. பதினொரு வருடத்தில் அவள் ஒன்று சொல்லி இந்த ஆள் ஒரே தடவையில் கேட்டதில்லை. அறைக்குத் திரும்பி, மூன்றாம் குழியில் இன்று வெறும் மரத்தூளை மட்டும் கொட்டிக் கலக்கச் சொன்னாள். சேறு இல்லை, துணி இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. எண் விழுந்தே ஆக வேண்டும். கலந்து முடித்ததும் அவளே சாம்பிள் குத்தும் கோலை எடுத்துக்கொண்டு போய் ஒன்பது இடத்தில் குத்தி எடுத்தாள்.

இருபத்தொன்று புள்ளி நான்கு.

அதைப் பதிவேட்டில் எழுதினாள். பிறகு கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைக் கவிழ்த்து, மேலே எடைக்கல்லைத் தூக்கி வைத்தாள். ஐந்தரை மணிக்குள் மூன்று லாரிகள் வாசலில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. ஆறு மணிக்கு மேனேஜரே ஆய்வு அறைக்கு வந்தார்.

"இப்பவே வழிக்கச் சொல்றேன். அடியைப் பாத்துட்டா கையெழுத்து போடுவீங்களா?"

"அடியைப் பாத்துட்டா போடறேன்."

"உங்க வீட்டுக்காரர்தான் வழிக்கணும். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

இருட்ட ஆரம்பித்திருந்தது. கொட்டகையின் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அரைக்கும் இயந்திரம் பக்கத்துக் கூடத்தில் தகரத்தைக் கடிப்பதுபோல் இரைந்துகொண்டிருந்தது. மரத்தூள் மேலெழுந்து மூடுபனியாகத் தொங்க, அதற்குள் இரும்புக் கை இறங்குவதும், விரல்களைக் குவித்துக்கொண்டு சிந்தச் சிந்த ஏறுவதும் ஆய்வு அறை ஜன்னலிலிருந்து நிழலாகத் தெரிந்தன. முதல் லாரி நிறைந்தது. மேனேஜர் அதோடு எடைமேடைக்குப் போனார். முக்கால் கேட்டைத் திறக்க ஓடினான்.

"எவ்வளவு ஆச்சுங்க?" என்று வாக்கி டாக்கியில் கேட்டாள்.

"பாதிக்கு மேல வந்துடுச்சு. வாடைதான் தாங்கல, ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன். தலையை நீட்டிப் பாக்கறேன் இரு, அடி..."

டக்கென்று ஒரு சத்தம். பிறகு உலர்ந்த சருகுக்குள் ஏதோ புதைவதுபோல் நீண்ட சரசரப்பு.

"என்னங்க அது?"

பதில் வரக் கொஞ்ச நேரமானது.

"ஒண்ணுமில்லம்மா."

இரும்புக் கை மறுபடி இறங்கியது. அதன் கம்பிக் கயிற்றில் நாலாவது மீட்டரில் ஒரு சிவப்பு வளையம் பூசியிருக்கும். குழியின் ஆழம் நாலு மீட்டர்தான். வளையம் விளிம்புக்கு வந்தால் கை அடியைத் தட்டிவிட்டது என்று அர்த்தம். அவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். சிவப்பு விளிம்புக்கு வந்தது. நிற்கவில்லை. உள்ளே போனது.

"வளையம் உள்ள போயிடுச்சுங்க. அடி தட்டலையா?"

"ஒண்ணுமில்லம்மா."

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க. நாலு மீட்டர் தாண்டி இன்னும் போகுது பாருங்க."

கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. இறக்குகிற வேகமாகத் தெரியவில்லை. இழுக்கிற வேகம்.

"விட்டுட்டு இறங்கி வாங்க. எனக்கு அடியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

தொண்டையைச் செருமும் சத்தம். "இதோ வந்துட்டேன்ம்மா."

படியில் காலடி கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

"ஏங்க."

செருமல். "இதோ வந்துட்டேன்ம்மா."

"விளையாடாதீங்க."

செருமல். "இதோ வந்துட்டேன்ம்மா."

அவள் கை மெல்லக் கீழே இறங்கியது. பதினொரு வருடமாக எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பழகிய காது. அதே செருமல். அதே இடைவெளி. 'ம்மா'வில் அதே இழுப்பு. மனிதர் ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னால் இரண்டு விதமாகத்தான் வரும்.

இது அச்சடித்த மாதிரி வந்தது.

அவள் ஓடினாள். ஆய்வு அறைக் கதவு பின்னால் அடித்துக்கொண்டது. மூடுபனி வாயில் புகுந்தது, கசப்பாக. குழியோரக் கைப்பிடியைப் பிடித்து நின்றபோது அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. இந்தத் தடவை பிடிபட்டது. அவர் தலையணை. துவைக்கப் போடுவதற்கு முன் அவர் தலையணையில் வரும் வாசனை.

கீழே கலவை சமமாகக் கிடந்தது. அள்ளிய தடம் ஒன்றுகூட இல்லை. கயிறு அதன் நடுவே விறைப்பாக இறங்கியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள்.

கேபினில் அவர் இருந்தார். ஜன்னலில் இடுப்புவரை வெளியே வந்து, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. இரைச்சலில் ஒரு சொல்லும் எட்டவில்லை. அவர் வாக்கி டாக்கி எப்போதும் சட்டைப் பையில்தான் மாட்டியிருக்கும். பை கிழிந்து தொங்கியது. அதில் ஒன்றும் இல்லை.

அவள் தன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

செருமல். "இதோ வந்துட்டேன்ம்மா."

குமிழைத் திருகி அணைத்தாள். பச்சை விளக்கு செத்தது.

கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. குழிச் சுவரில் பதித்த இரும்பு ஏணி அந்தக் கம்பியோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஏணியில் யார் கால் வைத்தாலும் கம்பிக்குத் தெரியும். ஒரு அதிர்வு. இன்னொன்று. இன்னொன்று. இழுத்து வைக்கும் கால் இல்லை. எல்லாம் ஒரே சீர்.

மேலே அவர் அவசரப் பொத்தானை அடித்திருக்க வேண்டும். இயந்திரங்கள் ஒருசேர நின்றன. அந்த அமைதியில் மேலிருந்து அவர் குரல், தொண்டை கிழிய:

"ஓடும்மா. அங்க நிக்காத, ஓடு."

கீழிருந்து அவர் குரல், நிதானமாக, தொண்டையைச் செருமிக்கொண்டு:

"இதோ வந்துட்டேன்ம்மா."

விளிம்பில் ஒரு கை வந்து பற்றியது. ஆரஞ்சுக் கையுறை, அதற்குள் நீலம், அதற்குள் தோல், அதற்குள் இன்னொன்று, ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வருடத்துக் கையுறைகள். எல்லாம் நிறைந்து, வெதுவெதுப்பாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் அவள் போட்ட பச்சைத் தையல் கொஞ்சமும் பிரியாமல் இருந்தது.

அது கம்பியில் தடவித் தடவி நகர்ந்து, அவள் விரல்களின் மேல் மெல்லப் படிந்தது.