பதினேழாம் எண்

பாலத்தைக் கடந்த பேருந்து கடைசி நிறுத்தத்தில் பெருமூச்செறிந்து நின்றது. கணித ஆசிரியை ஒரு கையில் மாறுதல் ஆணையும் மறு கையில் மகளின் விரல்களுமாக இறங்கினாள். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள். அளவாக வெட்டிய புல்தரை. அவற்றுக்கப்பால், தீவின் விளிம்பில், அரசு உயர்நிலைப் பள்ளி. அதன் முதுகுப்புறம் ஓதம் வற்றிய உப்பங்கழி கரிய சேறாய்க் கிடந்தது.

"இதாவது கடைசியாம்மா?" என்றாள் மகள். மூன்றாண்டுகளில் இது நான்காவது பள்ளி.

"கடைசிதான், கண்ணு. நீ பத்தாவது முடிக்கிற வரைக்கும் இங்கேயிருந்து அசையப் போறதில்ல."

தாழ்வாரத்தில் நுழைந்ததுமே அந்த வாடை எதிர்கொண்டது. பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் வாடை. அதன்மேல் யாரோ பினாயிலைக் கொட்டியிருந்தார்கள்.

தலைமையாசிரியர் வாய்கொள்ளாமல் சிரித்தார். "இந்தத் தீவுல எல்லாத்தையும் உப்பு அரிச்சிடும் டீச்சர். கதவு, மணி, என் தலைமுடி வரைக்கும்." பத்தாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை நீட்டியபோது குரலைத் தாழ்த்தினார். "பதினேழாம் எண்ணைக் கூப்பிட வேணாம். தினமும் வருகை மட்டும் போட்டுடுங்க."

"ஏன் சார்?"

"அந்தப் பொண்ணு போன வருஷம் தண்ணி வத்தின நேரத்துல கழியில இறங்கினா. சேறு உள்ளே இழுத்துக்கிச்சு. உடம்புகூடக் கிடைக்கல. பேரை எடுக்காம பத்தாவதுக்கும் ஏத்திட்டோம். அவளையும் உங்க பொண்ணையும் சேர்த்தாதான் முந்நூறு பேர். ஒண்ணு குறைஞ்சாலும் பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்க. உங்களுக்கு அடுத்த மாறுதல்தான்."

இறந்துபோன பிள்ளையின் பெயரைத் தின்று உயிர்வாழும் கட்டடம்! ஆசிரியை பேனாவை மூடப் போனாள். ஆயினும், கண்ணெதிரே மகளின் முகம் நின்றது. குறியிட்டாள். இட்ட விரல்களை அன்று மும்முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வகுப்பில் சன்னலோரத்து மூன்றாம் பெஞ்சு மட்டுமே காலியாக இருந்தது.

"ஏய் புதுசு, அங்க உட்காராத. ஈரம்," என்றாள் முன்பெஞ்சுக்காரி ஒருத்தி.

"அவ்வளவு அக்கறைன்னா நீங்க கொஞ்சம் நகர்ந்து உட்காருங்களேன்," என்றாள் மகள். ஒருத்தியும் நகரவில்லை. அவள் ஈரத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே அமர்ந்தாள்.

எண் எண்ணாய்க் கூப்பிட்டு வந்த ஆசிரியை கடைசியில் முப்பத்தெட்டுக்கு வந்தாள். அது மகளின் எண்.

"உள்ளேன் அம்மா… ஐயோ, மிஸ்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

ஒரு வாரம் கழிந்தது. ஒரு மாலையில் புத்தகங்களை அடுக்கியபடி மகள் சொன்னாள்:

"பக்கத்துல உட்கார்றவ வாயே திறக்க மாட்டாம்மா. ஆனா என் சாப்பாட்டுல மட்டும் கரெக்டா கை வெச்சிடுவா."

அந்தப் பெஞ்சில் மகளைத் தவிர எவரும் இல்லை என்பதை ஆசிரியை நாள்தோறும் கண்டிருந்தாள்.

மறுநாள் உணவு இடைவேளையில் வகுப்பறைக்கு விரைந்தாள். நண்பகல் வெயில் சன்னல் வழியே கொட்டிக்கொண்டிருந்தது. மகள் தனியே அமர்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். மீதி வைத்திருந்த சோற்றின்மேல் கோழை போன்றதொரு வழவழப்பு. அதனுள் நூலளவு புழுக்கள் மெல்ல நெளிந்தன.

"என்ன மெல்லுற?"

"அவ குடுத்தா."

"துப்பு!"

மகள் துப்பவில்லை. வாய்க்குள் விரலை விட்டாள் தாய். ஒரு மயிரிழை அகப்பட்டது. இழுத்தாள்.

ஒரு சாண் வந்தது.

ஒரு முழம் வந்தது.

பின்னும் வந்தது. தொண்டைக்குள்ளிருந்து, சேறு பூசி, வெதுவெதுப்பாய். அதன் முனையில் வெளுத்து ஊறிய தோல் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

மகள் சிரித்தாள். பல்லிடுக்கெல்லாம் கருஞ்சேறு.

ஆசிரியை சன்னலுக்கு வெளியே வாந்தியெடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியரின் அறைக்குச் சென்று, பதிவேட்டை விரித்து, பதினேழாம் எண்ணின் குறுக்கே சிவப்பு மையால் கோடிழுத்தாள்.

"உங்க பொண்ணோட படிப்பையும் சேர்த்து அடிக்கிறீங்க டீச்சர்!" என்று பதறினார் அவர்.

"படிப்பு போகட்டும் சார். பிள்ளை இருந்தா போதும்."

அடுத்த நாள் காலை, இரவெல்லாம் மகள் அமைதியாய் உறங்கிய தெம்பில், வழக்கமான துதியை மனத்துள் மும்முறை ஓதிவிட்டு வகுப்புக்குள் புகுந்தாள். பதிவேட்டைத் திறந்தாள். சிவப்புக் கோடு இருந்தது. நெஞ்சு சற்றே ஆறியது. பதினாறு. பதினெட்டு. ஒவ்வொருவராய் எழுந்து அமர்ந்தனர்.

"முப்பத்தெட்டு."

பதில் இல்லை.

மகள் மூன்றாம் பெஞ்சில் இமை கொட்டாமல் அமர்ந்திருந்தாள். சீருடையின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கறுப்பு நீர் வடிந்தது.

"முப்பத்தெட்டு! கூப்பிடுறேன்ல, கண்ணு?"

"அது நான் இல்ல, மிஸ்." மகளின் உதடுகள்தாம் அசைந்தன, குரல் மகளுடையதன்று. "நான் பதினேழு. தினமும் வந்திருக்கேன்னு நீங்கதானே எழுதினீங்க? அதான் வந்துட்டேன்."



மகளுக்குப் பக்கத்தில், எவரும் இல்லாத இடத்தில், மரம் தானாக நனையத் தொடங்கிற்று.

அங்கிருந்து, வாய் நிறையச் சேற்றை வைத்துக்கொண்டு பேசினாற்போல், ஒரு சிறு குரல் எழுந்தது. பதினைந்தாண்டுகளாய்த் தாய் கேட்டுப் பழகிய குரல்.

"உள்ளேன்… அம்மா."