ஆம்பூர்க் கினிப்பன்றிகளைக் கொன்றது யார்?

தோழர்களே, இந்த அநியாயத்துக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள். ஆம்பூர்ப் போலீஸ் நிலைய வாசலில், ஆடி வெயிலில், கையில் விலங்கோடு ஒரு பெண் குந்தியிருக்கிறாள். பெயர் பூவம்மாள். மண்டிக்கு வரும் தோலில், மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமி உண்டா என்று கினிப்பன்றிகளைக் கொண்டு சோதிக்கும் ஆராய்ச்சிசாலைக்குப் பாலாற்றங்கரையில் புல் அறுத்துக் கொடுப்பவள். அந்தப் பிராணிகளுக்கு அவள் விஷம் வைத்தாளாம்.

1934. திங்கட்கிழமை, காலை ஏழு மணி. கூண்டுகளைத் திறந்தபோது கினிப்பன்றிகளில் பாதி செத்துக் கிடந்தன. மீதி மூலையில் ஒடுங்கியிருந்தன. தொட்டால் வலியில் கீச்சிட்டன. அடுத்த கூண்டு முயல்களோ துள்ளித் திரிந்தன. பண்டகத்துக்கும் தீனிக்கும் பொறுப்பாளரான சுந்தரமூர்த்தி புகார் சொன்னார். ஏட்டு ஓடிப்போய்ப் பூவம்மாளைப் பிடித்தார்.

ஒன்பது மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஜியாவுல்லா வந்தார்.

"புல்லுலதாங்க விஷம்," என்றார் சுந்தரமூர்த்தி. "அவ புருஷன் தோல் ஷாப்புச் சுண்ணாம்புத் தொட்டி ஆளு. தோல்ல முடி உதிர்க்கப் போடுற பாஷாணம் அவனுக்குக் கைக்கெட்டுற சரக்கு."

"முயலுக்கு இன்னா தீனி?"

"அதே புல்லுதாங்க."

"அப்ப பாஷாணத்துக்கு முயலு தோஸ்தா?"

ஜியாவுல்லா செத்த பிராணி ஒன்றைத் தூக்கினார். ஈறில் இரத்தம். கால் மூட்டுகளில் பழைய வீக்கம். கூண்டில் மிஞ்சிய தீனியை முகர்ந்தார். பச்சை வாசனை இல்லை. ஆறிய கீரையின் வாசனை. கொல்லைப்புறத்தில் ஒரு செம்பு அண்டா கவிழ்த்துக் கிடந்தது. அருகே நீண்ட மூங்கில் கோல். அதன் நுனியில் புல்லின் பச்சைக் கறை.

அவர் நிலையத்துக்குத் திரும்பிப் பூவம்மாளிடம் கேட்டார். "புல்லை யார் கையில குடுப்பே?"

"யார் கையிலயும் இல்ல சாமி. பின்வாசல் கல்லு மேல கொட்டிட்டு அந்தாண்ட போயிடணும்."

"எத்தினி நாளா?"

"போன மாசந்தான் டாக்டரம்மா வேலை குடுத்தாங்க. அதுக்கு மின்ன மாதனூர் ஊர்த்தெரு ஆளு கொணாந்துட்டிருந்தாரு, எங்க சேரி ஆளு இல்ல."

பதினோரு மணிக்கு, ஆராய்ச்சிசாலைத் தலைவி டாக்டர் அமிர்தவள்ளியின் முன்னால் சுந்தரமூர்த்தியையும் நிறுத்தி ஜியாவுல்லா சொன்னார்:

"விஷமே இல்லம்மா. நான் ஜெயில் டூட்டி பாத்தவன். பச்சைக் காயைக் கண்ணால காணாத கைதிக்கு இப்படித்தான் ஈறு கசியும், முட்டி வீங்கும். புல்லை வேக வெச்சது சுந்தரமூர்த்தி."

டாக்டர் செத்த பிராணியின் ஈறைத் திறந்து பார்த்தார். "ஸ்கர்வி. பச்சைப் புல்லிலுள்ள ஜீவசத்து 'சி' கொதியில் அழியும். செம்புப் பாத்திரத்தில் இன்னும் சீக்கிரம். முயல் அந்தச் சத்தைத் தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும். கினிப்பன்றியால் முடியாது. நம்மாலும் முடியாது. பச்சையாகப் போடச் சொல்லித்தானே இருந்தேன்?"

"கிருமி இருக்கும்னுதாங்க…"

"கினிப்பன்றிக்குக் கீரை வேக வெச்சீங்களே, உப்பு போட்டீங்களா?" என்றார் ஜியாவுல்லா. "மாதனூர் ஆளு புல்லுல கிருமி இல்லியா?"

சுந்தரமூர்த்தி தரையைப் பார்த்தார். "அவ தொட்டதை நான் எப்படிங்க கையால…"

அந்த அண்டாவில் வெந்தது புல் அல்ல, தோழர்களே. ஒரு பெண்ணின் கை. அதன் தீட்டைக் கழிக்க மூட்டிய நெருப்பில், வாயில்லாப் பிராணிகளின் உயிர்ச்சத்து கரைந்தது. பிராணிகள் சாகத் தொடங்கியதும், அவளையே கொலைகாரி என்று காட்டத் துணிந்தது அந்த நெருப்பை மூட்டியவரின் நாக்கு.

விலங்கைக் கழற்றியபடி ஏட்டு கேட்டார்: "இவரு மேல எந்த செக்ஷன் சார் போடறது?"

ஜியாவுல்லா சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மூடினார். விஷம் வைத்தவளென்றால் அடைக்கச் சட்டம் உண்டு. தீட்டுக் கழித்தவருக்கு இல்லை. "சந்தேகத்தைச் சொன்னேன், அவ்ளோதான்," என்று சுந்தரமூர்த்தி வீட்டுக்குப் போனார். மறுநாள் தம் நாற்காலிக்கே திரும்பினார். ஆராய்ச்சிசாலை நிர்வாகக் குழுவோ, வீண் பேஜார் வேண்டாமென்று புல்லறுக்கும் வேலையை மாதனூர் ஆளுக்கே கொடுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அந்தக் குழு மறுபடி கூடுகிறது. தோலைத் தொட்டு உழைக்கும் கைகளே, ஆராய்ச்சிசாலை வாசலுக்கு வாருங்கள். பூவம்மாள் அறுத்த புல்லில் ஆளுக்கொரு பிடி ஏந்தி வாருங்கள். சுந்தரமூர்த்தி அதைத் தம் கையால் வாங்கி, பச்சையாகக் கூண்டில் இடும்வரை ஒருவரும் கலையாதீர்கள்.