அறை ஒன்றின் விருந்தினர்

விருந்தினர் விவரங்களை வரிவரியாகப் பதிந்து வைக்கப் புதிதாக உருவாக்கச் சொன்ன டேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்றது கணினி. சரி, இருந்தால் காட்டு என்று கேட்டால், அப்படி ஒரு டேபிளே இல்லை என்றது.

முருகேஸ்வரிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. காலையிலிருந்து இதே கூத்து. எத்தனை தடவை மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாலும் அதே எரர், அதே சிவப்பு எழுத்து. கொடைக்கானல் ஏரிப் பக்கத்து ஹோட்டல்காரர் சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். விருந்தினர் பெயரைப் பதிந்தால் அவருடைய போனுக்கு மட்டும் அறைக் கதவு திறக்க வேண்டும், பெயரை நீக்கினால் அறை காலியாக வேண்டும். ஆப் என்பது அவ்வளவுதான். அந்த அவ்வளவு நடந்துதொலைக்கவில்லை.

ஹோட்டல் அறைகளின் விவரம் இன்னும் வராததால், ஆப் எழுதுகிற எல்லோரும் செய்வதுபோல அவளும் கைக்கு அகப்பட்டதை வைத்துச் சோதித்தாள். செண்பகனூர் வீட்டின் உள்ளறைதான் அறை ஒன்று. ஹோட்டல்காரர் கொடுத்த மின்பூட்டையும் அந்தக் கதவில்தான் மாட்டியிருந்தாள். உள்ளே காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள் நான்கு வயது மகள் தேவசேனா. குழந்தை கூப்பிட்டால் கேட்கட்டும் என்று முருகேஸ்வரி கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள்.

மத்தியானமே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. யூகலிப்டஸ் இலைகளின் ஈர வாசனையும், தகரக் கூரையில் விட்டுவிட்டுச் சொட்டும் தண்ணீரும், தூரத்தில் வழி தெரியாமல் நின்ற ஏதோ வண்டியின் ஹாரனும் கலந்து வந்துகொண்டிருக்க, அவற்றுக்கு நடுவே குழந்தையின் கரகரத்த மூச்சு கேட்டது. அதற்குச் சற்றுப் பின்னால், அதே கரகரப்போடு, இன்னொரு மூச்சும் கேட்டதுபோல் இருந்தது. தலைவலியில் காது அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. ஜீப் ஓட்டும் கணவன் பழனிக்குமார், பெருமாள்மலையிலிருந்து.

"ரோடே தெரியல முருகு. வண்டி அப்படியே கெடக்கு. பாப்பாவுக்குக் காய்ச்சல் எறங்குச்சா?"

"தூங்குறா. இந்தச் சனியன் புடிச்ச டேபிள்தாங்க என் உசுர வாங்குது."

"அந்தச் சோலிய ஓரமா வச்சுட்டுப் பிள்ளையப் பாரு."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள். வைத்தவள், போகிற போக்கில் இன்னும் ஒரே ஒரு தடவை என்று எண்டர் தட்டினாள்.

டேபிள் வந்தது.

உள்ளே ஒரு வரி இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அறை ஒன்று. வந்த நேரம், இப்போது. அவள் பதியாத வரி.

முதுகுக்குப் பின்னால் உள்ளறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. போனைப் பூட்டில் காட்டினாள். 'இந்த அறை உங்களுடையது அல்ல.' அவளே எழுதி வைத்த வாசகம்.

"பாப்பா! தேவா!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கனமான யாரோ உட்காருகிற சத்தம். பிறகு குழந்தையின் தூக்கக் குரல்.

"அம்மா, இவுகளுக்குக் குளுருதாம்."

கதவை இடித்தாள், உதைத்தாள். தேக்குக் கதவு. அந்த வரி போனால் பூட்டு திறக்கும். கணினிக்கு ஓடினாள். நீக்கு என்றாள்.

'நீக்க முடியாது. இதைச் சார்ந்து இன்னொரு வரி உள்ளது.'

"நாசமாப் போற சனியனே!"

ஒருவர் பெயரில் அறை, கூட வந்தவர்கள் அவருக்குக் கீழே. ஹோட்டல் வழக்கம் அது. அவள்தான் அப்படி அமைத்தாள். சார்ந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். காலையிலிருந்து அவள் பார்க்கவே இல்லை. இப்போதும் பார்க்கவில்லை. விரல்கள் பழகிய கட்டளையை அடித்தன. சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கு.

எண்டர்.

'இருவர் நீக்கப்பட்டனர். பெயர் இல்லை. தேவசேனா.'

பூட்டு திறந்தது.

"பாப்பா?"

கட்டிலில் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு. தலையணை நிமிர்த்தி வைத்திருந்தது. கால்மாட்டில் மடித்த துண்டு. ஜன்னல் உள்பக்கம் தாழிட்டபடியே. காய்ச்சல் மருந்தின் வாடைகூட இல்லை, கஞ்சி போட்ட துணியின் வாசனை மட்டும். மெத்தையில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது.

கையில் போன் அதிர்ந்தது.

'அறை ஒன்று காலி. அடுத்த விருந்தினருக்குத் தயார்.'

அவள் கைக்குப் பக்கத்தில், வெள்ளை விரிப்பு மெல்ல அமிழ்ந்தது.