தபரேஸின் கிடங்கு

சூரியபிரகாஷ் ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி இரண்டு. தோல் ஷெட்டுகளைத் தாண்டி மூன்றாவது சந்தில் நுழைந்தான். வீட்டு வாசலில் வாடகைக்கு எடுத்த இரண்டு பிரியாணி டேக்சாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவன் நண்பன் தபரேஸ் இறந்து மறுநாளோடு நாற்பது நாள்; அன்று ஃபாத்திஹா ஓதுவார்கள்.

கதவைத் திறந்தவர் தபரேஸின் அப்பா கலீமுல்லா. உள்ளே கூடத்தின் பாதியை ஒரு பச்சைத் திரை மறைத்திருந்தது. திரைக்குப் பின்னால் அஃப்ரோஸ் இருந்தாள். தபரேஸின் மனைவி. கணவன் இறந்த நாளிலிருந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடியும் வரை அவள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அவள் வளையல் இல்லாத கை மட்டும் திரையின் ஓரத்தில் தேநீரை நீட்டியது. முழங்கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது.

அவன் வந்த காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னான்.

ஐந்து வருடமாக அவனும் தபரேஸும் ஒரே ஆன்லைன் விளையாட்டில் இருந்தார்கள். சூரியபிரகாஷ் வேட்டைக்குப் போவான். கிடைக்கும் லூட்டை, வாளோ கவசமோ மருந்துச் சீசாவோ, அங்கே அவர்கள் கட்டிய கிடங்கின் நடுவில் கொட்டிவிட்டு வெளியேறுவான். தபரேஸ் பிரித்து அடுக்குவான். அவன் தோல் கம்பெனியில் அசார்ட்டர். தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் மெதுவாகத் தடவி, உண்ணிக்கடி எங்கே, கீறல் எங்கே, சூடு போட்ட இடம் எங்கே என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. குறை இல்லாதது வலப்பக்கம் போகும். குறை உள்ளது இடப்பக்கம் போகும். விளையாட்டிலும் அவன் அப்படித்தான் அடுக்கினான். விலை பார்க்கவில்லை. தழும்பு மட்டும் பார்த்தான்.

கிடங்கு தபரேஸ் பெயரில் இருந்தது. உரிமையாளர் நாற்பது நாள் உள்ளே வராவிட்டால் அது இடிந்துவிடும். பொருள்கள் தரையில் கிடக்கும். வழியில் போகிற எவனும் அள்ளிக்கொள்ளலாம்.

முப்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

“அதெல்லாம் பொம்மை சாமான்தானேப்பா,” என்றார் கலீமுல்லா.

“ஆமாப்பா. ஆனா அவன் அடுக்கி வெச்சது.”

கலீமுல்லா கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். தபரேஸின் ஐடி அவன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். பாஸ்வேர்டைத் திரைக்குப் பின்னால் இருந்து அஃப்ரோஸ் சொன்னாள். அவர்களுடைய நிக்காஹ் தேதி.

கிழவர் வாசற்படி வரை போய்த் திரும்பி வந்து நின்றார். “அவன் பேர்லயே உள்ள போவியா?”

“அவன் பேர்லதான் போகணும். அவன் வந்துட்டுப் போன மாதிரி.”

கம்ப்யூட்டர் திரையில் கிடங்கு திறந்தது. இருபுறமும் பெட்டிகள், வரிசை பிசகாமல். கதவின் மேல் இருந்த பலகையில் எழுத்து மாறியது. உரிமையாளர் வந்துவிட்டார். மீதி நாற்பது நாள்.

அவன் வெளியேறினான். பிறகு தன் ஐடியில் வந்து, இத்தனை நாள் பையில் சேர்ந்திருந்த லூட்டை எடுத்தான். யோசிக்கவில்லை. ஐந்து வருடப் பழக்கம். கிடங்கின் நடுவில் கொட்டினான்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஐந்து மணி பஸ்ஸில் தன் ஊரான விரிஞ்சிபுரம் திரும்பினான்.

மறுநாள் அவன் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. ஃபாத்திஹாவுக்கு அவன் போகவில்லை. மாலையில் வீட்டில் தன் கம்ப்யூட்டரைத் திறந்து கிடங்கைப் பார்த்தான்.

நடுவில் குவியல் இல்லை.

களவு போயிருக்கும் என்று நினைத்துப் பெட்டிகளைத் திறந்தான். நுனி உடைந்த வாள் இடப்பக்கம் இருந்தது. புதிய கவசம் வலப்பக்கம். கீறல் விழுந்த கேடயம் இடப்பக்கம். எல்லாம் இருந்தன. எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அவன் கலீமுல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டான். கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருக்கிறது, யாரும் தொடவில்லை என்றார் அவர்.

நான்காம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அஃப்ரோஸ் அழைத்தாள். அவள் அதுவரை அவனை அழைத்ததே இல்லை. கேன்டீன் இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தான்.

மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் ஒரு சத்தம் வருகிறது என்றாள். தோல் மேல் தோல் விழுகிற சத்தம். ஒன்று விழும். சற்று நேரம் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் எதையோ தடவுவது போல உரசல். பிறகு அடுத்தது விழும். கம்பெனியிலிருந்து அவர் சட்டையில் வரும் மெழுகு வாடையும் வருகிறது. சமையலறையில் விளிம்பு உடைந்த தட்டுகள் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. கொடியில் கிழிசல் துணிகள் தனியாகக் கிடக்கின்றன. மாமா எலி என்கிறார். எலி தட்டு அடுக்குமா.

அவள் நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரல் மிகவும் தணிந்திருந்தது.

“நேத்து மத்தியானம் படுத்திருந்தேன் அண்ணா. சுவரைப் பாத்து. கை மேல ஒரு கை.”

அவன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

“தோள்லேர்ந்து கீழ தடவிக்கிட்டே வந்துது. உள்ளங்கைய விரிச்சு. ஆசையா இல்ல அண்ணா. எதையோ தேடுற மாதிரி. என் தழும்புகிட்ட வந்து நின்னுடுச்சு.”

“அப்புறம் இன்னா ஆச்சு?”

“நான் வலப்பக்கம் படுத்திருந்தேன். கண்ணத் தொறந்தா இடப்பக்கச் சுவர் ஓரம் கெடக்கிறேன்.”

மதில் அருகே ஒரு வேன் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா வீட்டுக்குப் போயிடலாம்னா இத்தா முடியல,” என்றாள். “இன்னும் தொண்ணூறு நாளுக்கு நெருக்கி இருக்கு. அது வரைக்கும் இந்த வீடுதான். என்னைய இடப்பக்கம் வெச்சுட்டாரு. ஒதுக்கினத கம்பெனியில இன்னா பண்ணுவாங்க?”

துண்டு துண்டாக வெட்டிக் கையுறைக்கு அனுப்புவார்கள். அவன் அதைச் சொல்லவில்லை.

அன்று மாலையே ஆம்பூர் போனான். கலீமுல்லா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. எலி என்று இப்போது அவரும் சொல்லவில்லை.

“நாப்பது நாள் வரைக்கும் செத்தவங்க ரூஹு வீட்டச் சுத்தும்பாங்க,” என்றார். “பள்ளிவாசல் ஹஜ்ரத் அப்படியெல்லாம் இல்லம்பாரு. எங்க வீட்டுப் பெரியவங்க சொல்றது. நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிட்டா போயிடும். நீ முந்தின நாள் வந்து அவன் பேர்ல உள்ள போனே. கணக்க முதல்லேர்ந்து ஆரம்பிச்சு வெச்சுட்டே.”

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். இனி யாரும் தபரேஸ் பெயரில் உள்ளே போகக் கூடாது. யாரும் அங்கே எதையும் கொட்டக் கூடாது. நாற்பது நாள் ஓட வேண்டும். கிடங்கு இடிய வேண்டும். வேறு வழி எதுவும் இருவருக்கும் தோன்றவில்லை.

சூரியபிரகாஷ் வேட்டையை நிறுத்தினான். தினமும் வேலை முடிந்து வந்து பலகையை மட்டும் பார்ப்பான். முப்பத்திரண்டு. இருபத்தாறு. அஃப்ரோஸ் மதியம் படுப்பதை விட்டுவிட்டாள். இரண்டு மணி ஆனால் மாமனார் அருகில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொள்வாள். அவர் தஸ்பீஹ் மணி உருட்டுவார். உரசல் அறையைச் சுற்றி வரும்.

பதினெட்டு. பதினொன்று.

ஐந்தாக இருந்தபோது அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீட்டில் அடுக்க இனி எதுவும் மிச்சமில்லை என்று எழுதியிருந்தாள். அரிசியைக்கூடப் பிரித்துவிட்டார். குறுநொய் இடப்பக்கம்.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கிடங்கு இடிய வேண்டிய நேரம் மாலை நான்கு. சூரியபிரகாஷ் மூன்றரைக்கே உட்கார்ந்தான். அவன் அம்மாவும் தங்கையும் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. தன் ஐடியில் போய்க் கிடங்கின் வெளியே நின்றான். போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். மறுமுனையில் அஃப்ரோஸ். அவள் பின்னால், இரண்டு மணிக்குத் தொடங்கி இன்னும் நிற்காத அந்தச் சத்தம் அவனுக்கே கேட்டது.

தப்.

உரசல்.

தப்.

“வேகமா பண்றாரு,” என்றாள் அவள்.

நான்கு மணி. பலகை மறைந்தது. கூரை மறைந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஐந்து வருட லூட் வெட்டவெளியில் மலைபோலக் குவிந்து கிடந்தது. வலது இல்லை, இடது இல்லை.

அவன் போனில் காதை இன்னும் அழுத்தினான்.

“அண்ணா. நின்னுடுச்சு.”

“நல்லா கேளு.”

“இல்ல அண்ணா. வாடையும் இல்ல. மாமா அழுறாரு.”

அவள் குரலும் உடைந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது குவியலின் உச்சியில் இருந்த வாள் இல்லை.

பிறகு கேடயம் போனது.

யாரோ அள்ளுகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தான். அந்த வெட்டவெளியில் அவன் ஒருவன்தான் நின்றிருந்தான். குவியல் குறைந்துகொண்டே வந்தது. நிதானமாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே இடைவெளி.

திரையின் மூலையில் அவன் பை திறந்துகொண்டது.

அவன் தொடவில்லை. கை இரண்டும் போனில் இருந்தன.

பை நிறைந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் இரண்டு. வலப்பக்கம் ஒன்று.

ஆம்பூரில் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது. ஒயரைச் செருகி, நிக்காஹ் தேதியை அடித்து, தபரேஸ் பெயரில் ஒரு புதுக் கிடங்கு கட்டினால் போதும். அங்கேயே திரும்பிப் போய்விடுவான். இப்படி ஒரு நினைப்பு சூரியபிரகாஷுக்கு வந்தது. சொன்னால் அவள் செய்வாள். அண்ணா சொன்னால் செய்வாள்.

“அண்ணா, அங்க எல்லாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா.”

“நான் கொஞ்சம் தூங்கட்டுமா?”

“தூங்கு,” என்றான். “எந்தப் பக்கம் வேணா படு.”

போனை வைத்தான். குவியல் இருந்த இடத்தில் புல் மட்டும் தெரிந்தது. பையை மூடலாம் என்று மவுஸின் மேல் கை வைத்தான்.

யாரோ அதுவரை பிடித்திருந்தது போலச் சூடாக இருந்தது.